சீழ் வைக்காத பிள்ளை

1

நான் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்க முடியாமல் போனதால் பிறந்த கதை இது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏதோ பெரிய மனித வேதனையைக் கண்டு பேனாவை எடுத்தேன் என்று நீங்கள் என்னை உயர்வாக நினைத்துவிட்டால், பிறகு அதற்கேற்றபடி நான் எழுத வேண்டியிருக்கும்.

கரமனையில் இறங்க வேண்டியவன் நான். ஒரு கையில் செய்தித்தாளில் சுற்றிய பாதிப் பலாப்பழம், மறு கையில் குடையும் பையும். வண்டி நின்றது. கதவு வரை கூட்டமே என்னைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டது. ஆனால் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. பிடிக்காமல் படியில் கால் வைக்கப் பயம். யோசிப்பதற்குள் மணி அடித்து வண்டி கிளம்பி, தம்பானூரில்தான் என்னால் இறங்க முடிந்தது.

"சாரே, கம்பியில பிடிக்காதெ எங்ஙனெ இறங்ஙும்? கையொண்ணு ஒழிச்சிட்டு கேறண்டே?" என்றார் கண்டக்டர். ஒரு கையைக் காலியாக வைத்துக்கொண்டு ஏற வேண்டாமா என்று அர்த்தம். பஸ்ஸே சிரித்தது.

அந்த வாரம் முழுக்க நான் வெள்ளையணுக்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் சொன்னது அப்படியே அவற்றின் கதை. ரத்தம் ஓடும் பஸ் என்றால் வெள்ளையணு அதில் பயணி. உடம்பில் எங்கோ முள் குத்துகிறது, கிருமி நுழைகிறது. அந்த நிறுத்தத்தில் அது இறங்கியாக வேண்டும். ரத்தமோ நிற்காது. ஆகவே வெள்ளையணு முதலில் குழாயின் சுவரை லேசாகத் தொட்டுத் தொட்டு உருண்டு, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அடுத்து ஒரே பிடியாகப் பிடித்து நிற்கிறது. பிறகு சுவரின் இடுக்கு வழியே உடம்பை நசுக்கிக்கொண்டு வெளியேறிக் காயத்துக்கு ஓடுகிறது. அந்த உறுதியான பிடிக்கு அதன் மேற்பரப்பில் ஒரு கை இருக்கிறது. ஏற்பி என்று சொல்கிறார்கள். அணுவின் தோலில் குத்திட்டு நிற்கும் ஒரு புரதம். அதன் ஒரு முனை வெளியே, மறு முனை உள்ளே. வெளியே தொட்டதை உள்ளே சொல்லும், உள்ளே முடிவெடுத்ததை வெளியே செய்யும். எத்தனை அழகான ஏற்பாடு என்று நான் தம்பானூர் நடைபாதையில் பலாப்பழத்தோடு நின்று வியந்துகொண்டிருந்தேன்.

அபூர்வமாகச் சில குழந்தைகள் அந்தக் கை இல்லாத வெள்ளையணுக்களோடு பிறக்கின்றன. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் நெரிசலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். காயத்தில் ஒன்றுகூட இறங்காது.

வீட்டுக்கு வந்து சேரும்வரை அது எனக்கு ஒரு வேடிக்கையான ஒப்புமையாகத்தான் இருந்தது. பலாச்சுளையை வாயில் போடும்போதுதான், அப்படிப்பட்ட ஒரு குழந்தைக்கு ஒரு அம்மாவும் இருப்பாள் என்று தோன்றியது. சுளை இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம்:

"நான் ஒரு வெள்ளையணு. எனக்குக் கை இல்லை. என் தோழர்கள் எல்லாம்—"

[வேண்டாம். பேசும் அணுக்களை யாருக்கும் பிடிப்பதில்லை, பாடப்புத்தகம் எழுதுகிறவர்களைத் தவிர.]

இரண்டாம் தொடக்கம்:

"இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு. திருவனந்தபுரத்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மருத்துவமனை வராந்தாவில் ஒரு தாய் குழந்தையை மார்போடு—"

[இந்த ஊரில் மழையோடு ஆரம்பிப்பது சோம்பேறித்தனம். மேலும், வராந்தாவில் அழும் தாயைப் பார்த்ததுமே உங்களுக்கு எல்லாம் தெரிந்துபோகும். இவளை நீங்கள் முதன்முதலில் பார்க்கும்போது அவள் அழக் கூடாது. பீற்றிக்கொள்ள வேண்டும்.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

3

சுடலைமாடத்திக்குத் தன் மகனைப் பற்றிப் பெருமை பேச எப்போதும் ஒரு விஷயம் கைவசம் இருந்தது. அவனுக்குச் சீழ் வைப்பதில்லை.

"எம்மவனுக்குச் சலமே வைக்காது, பாத்துக்கிடுங்க," என்று குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொல்லுவாள். "கொசு கடிச்சாலும் சரி, சிராச்சாலும் சரி. சுத்தமான ரத்தம். அவுக அப்பா வழி."

அப்பா தளவாய், கொத்தனார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான மறுவருஷம் இங்கே வந்தவன். சுடலைமாடத்தி அவன் வேலை பார்க்கும் கட்டடங்களிலேயே மைக்காடு பணிக்குப் போவாள். மண்ணும் கல்லும் சுமக்கும் வேலைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். மூத்தவள் அனுஷா மலையாளப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. இளையவன் விஜய்குமாருக்கு ஒரு வயது தாண்டியிருந்தது.

அனுஷா விழாத நாள் கிடையாது. முழங்காலில் எப்போதும் ஒரு புண் இருக்கும். அது பழுக்கும், உடையும், பொருக்குத் தட்டும், ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வரும்.

"உனக்கு ஊத்த ரத்தம்ட்டி," என்று மஞ்சளை அரைத்துப் பூசும்போதெல்லாம் சுடலைமாடத்தி திட்டுவாள். "உந்தம்பிக்கு இப்பிடி வருதா? அவனப் பாத்துப் படி."

"சலம் வைக்காதிருக்க எங்ஙனெயாம்மா படிக்குந்நே?" என்று அனுஷா கேட்பாள். நியாயமான கேள்வி. பதிலாக ஒரு குட்டு விழும்.

இன்னொரு பெருமையும் உண்டு. சுடலைமாடத்தியின் ஊரில், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து உதிர்ந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவார்கள். அனுஷாவுக்குத் தாயத்து வாங்கும் முன்பே கொடி விழுந்துவிட்டது. ஆகவே மகன் வயிற்றிலிருக்கும்போதே தாயத்தை வாங்கி வைத்தாள். அவன் பிறந்தான். கொடி விழவில்லை. பச்சை உடம்புக்காரி தினமும் காலையில் துணியை விலக்கிப் பார்ப்பாள். காய்ந்து கறுத்து, ஆனால் பிடியை விடாமல் அது ஒட்டிக்கொண்டிருக்கும். மாதம் ஒன்று கடந்தது.

"விட மாட்டேங்கான்," என்றார்கள் பார்க்க வந்த பெண்கள். "அம்மை மேல அம்புட்டு ஆசை."

அவள் அதை நம்பினாள். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தாலும் நம்பியிருப்போம். கடைசியில் அது விழுந்தபோது, சுற்றிலும் ரணமாகச் சிவந்திருந்தது. ஆனால் சீழ் இல்லை. அவள் தாயத்தை மூடி, அரைஞாணில் கோத்தாள்.*

* தொப்புள்கொடி தானாக உதிர்வதில்லை. வெள்ளையணுக்கள் அங்கே வந்து, அடிப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுவிக்கின்றன. சீழ் என்பதும் அழுக்கு ரத்தம் இல்லை. காயத்துக்கு ஓடிவந்து, கிருமிகளைத் தின்று, அங்கேயே செத்துக் குவிந்த வெள்ளையணுக்கள்தான் அந்த மஞ்சள். அனுஷாவின் முழங்காலில் தினமும் ஒரு படை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் குட்டு.

4

பிறகு ஈறு சிவந்து வீங்கியது. காது. காய்ச்சல். அது தணிந்தால் மறுபடியும் காய்ச்சல். அரைஞாண் உரசிய இடத்தில் ஒரு சின்னப் பரு வந்து, பழுக்காமல், உடையாமல், விளிம்பு கறுத்து அகலமாகிக்கொண்டே போனது.

நகரத்தில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம், நானே கட்டிய மருத்துவமனை அது. ரத்தம் எடுத்தார்கள். வெள்ளையணுக்கள் இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு. முதலில் எல்லோரும் பயந்தது ரத்தப் புற்றுநோயோ என்றுதான். எலும்பு மஜ்ஜையை ஊசியில் எடுத்துப் பார்த்தார்கள். அது இல்லை. அப்படியானால் இவ்வளவு காவலர்களை வைத்துக்கொண்டு இந்தச் சின்னப் பருவை ஏன் அடக்க முடியவில்லை?

[இங்கே எனக்கு ஒரு சபலம். ஆய்வகத்தில் விஜயலக்ஷ்மி என்று ஒருத்தியை வைத்திருக்கிறேன். அவளோ, இல்லை கூட்டிப் பெருக்கும் யாராவதோ, டாக்டர்கள் பார்க்காததைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்ததாக எழுதினால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நல்ல டாக்டர்கள் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். டாக்டர் ராகேலிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனமில்லை.]

குழந்தை மருத்துவர் ராகேல் பருவின் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தார். "அம்மே, இதில் சலம் வந்நோ?"

"அதெல்லாம் வராது டாக்டரம்மா," என்றாள் சுடலைமாடத்தி. குழாயடிக் குரல் அவளை அறியாமல் வந்துவிட்டது. "எம்மவனுக்குப் பொறந்ததுலருந்தே சலம் வச்சதில்ல."

ராகேல் நிமிர்ந்தார். "ஒரிக்கலும்?"

"ஒருக்காலும்."

"பொக்கிள்கொடி எப்பழா வீணது?"

தொப்புள்கொடி எப்போது விழுந்தது என்று கேட்டதும் சுடலைமாடத்தி சிரித்தாள். அவளுக்கு மிகவும் பிடித்த கதை அது. துணியை விலக்கி விலக்கிப் பார்த்ததையும், மாதம் கடந்தும் அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததையும், அம்மை மேல் ஆசை என்று ஊரார் சொன்னதையும் ஆசையாகச் சொன்னாள். பாதியில் டாக்டரின் முகம் அவள் கண்ணில் பட்டது. சொல்லச் சொல்ல அவள் குரல் தணிந்தது. கடைசி வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை.

5

விஜயலக்ஷ்மியைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். முதல் வரைவில் அவள் மிகவும் நல்லவளாக இருந்தாள். எல்லோரிடமும் கனிவாகப் பேசினாள். அப்படி ஒருத்தி ஆய்வகத்தில் இருந்தால் ஒரு சோதனையும் நேரத்துக்கு முடியாது. ஆகவே அவளுக்குக் கொஞ்சம் கெடுபிடி சேர்த்தேன். கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் ஃபிளாஸ்கை யாரும் தொடக் கூடாது. அவள் இருக்கைக்குப் பின்னால் யாரும் நடக்கக் கூடாது. இப்போது அவளை நம்ப முடிகிறது.

"செருப்ப வெளில விட்டுட்டு வாடியம்மா," என்பதுதான் அவள் சுடலைமாடத்தியிடம் சொன்ன முதல் வார்த்தை. இரண்டாவது, குழந்தையைப் பார்த்து: "யாராக்கும் இந்தச் சின்ன மாமா?"

ஊரே மலையாளம் பேசுகிற கட்டடத்தில், தமிழைக் கேட்டதும் சுடலைமாடத்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஓரடி கிட்டே வந்தாள். தன் தமிழ் இல்லைதான். இருந்தாலும் தமிழ்.

விஜயலக்ஷ்மி பார்க்கப் போவது அந்தக் கையை. பார்க்கும் விதம் இப்படி: அந்தக் கையில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும்படி செய்த, ஒளிரும் சாயம் பூசிய ஒரு மருந்தை ரத்தத்தில் கலக்கிறார்கள். பிறகு வெள்ளையணுக்களை ஒரு மெல்லிய நீரோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அனுப்பி, ஒவ்வொன்றின் மீதும் ஒளிக்கற்றையைப் பாய்ச்சுகிறார்கள். கை இருந்தால் மின்னும். எத்தனை மின்னியது என்பதைக் கணினி ஒரு மேடாக வரைந்து காட்டும்; மின்னியவை வலப்பக்கம், மின்னாதவை இடப்பக்கம். ஆயிரக்கணக்கான அணுக்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கைநீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல. இதை எழுதும்போது எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, மன்னிக்கவும்.

"முதல்ல நல்ல ரத்தம் ஒண்ணு ஓட்டிப் பார்க்கணும்," என்றாள் விஜயலக்ஷ்மி. "அப்பத்தான் மிஷின் பொய் சொல்லலன்னு தெரியும். அதுக்கு நானேதான் என் கையில குத்திப்பேன். பாரு, இந்த வலப்பக்கத்து மேடு என்னோடது."

திரையில் வலப்பக்கம் ஒரு மேடு, கோயில் யானையின் முதுகு மாதிரி.

"எம்மவனோடது?"

விஜயலக்ஷ்மி அடுத்த குழாயை வைத்தாள். மேடு எழுந்தது. இடது ஓரத்தில். அங்கேயே நின்றது.

[என் பலாப்பழத்தை இந்த இடத்தில் விஜயலக்ஷ்மிக்குக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு இனி அது தேவையில்லை.]

"நீ பஸ்ல வர்றாய் அல்லவோ மாடத்தி? ரெண்டு கையிலயும் சாமான். ஒரு பக்கம் சக்கப்பழம், ஒரு பக்கம் குடை. உன் ஸ்டாப்பு வந்தாச்சு. எப்படி எறங்குவே?"

"கம்பியப் பிடிச்சு."

"கை எங்க இருக்கு?"

சுடலைமாடத்தி யோசித்தாள். "எறங்க முடியாது. தம்பானூருக்குல்லா போவேன்."

"அதான். அவன் ரத்தத்துல இருக்கற ஆட்களுக்குக் கையில்ல. பஸ் நெறைஞ்சு வழியறது, ஒருத்தனாலும் எறங்க முடியல. காயத்துல எறங்கினாத்தான் சலம் வைக்கும். சலம் வச்சாத்தான் ஆறும்."

சுடலைமாடத்தி திரையை விட்டு மகனின் கறுத்த பருவைப் பார்த்தாள்.

"அப்ப, சலம் வைக்கது நல்லதாக்கா?"

"நல்லதாக்கும்."

சுவரோரம் உட்கார்ந்து முழங்கால் பொருக்கைச் சுரண்டிக்கொண்டிருந்த அனுஷாவை அவள் திரும்பிப் பார்த்தாள். அத்தனை வருஷமும் போட்ட குட்டுகள் ஒவ்வொன்றாக அவள் கையில் வலித்தன.

6

இப்படியே விட்டால் பையனுக்கு இரண்டு வயது தாண்டுவது கஷ்டம் என்றார் ராகேல். சுற்றி வளைக்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஒரே வழி, கை உள்ள வெள்ளையணுக்களைச் செய்யும் மஜ்ஜையை வேறொருவரிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுப்பது. அதை வேலூரில் செய்கிறார்கள். செலவுக்கு ஏற்பாடு பண்ணலாம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் மஜ்ஜை பொருந்த வேண்டும்.

ஏன் பொருந்த வேண்டும்? இங்கேதான் இன்னொரு ஏற்பி வருகிறது. வெள்ளையணுக்களில் ஒரு வகை, தான் சந்திக்கும் ஒவ்வொரு அணுவையும் தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியால் தடவிப் பார்க்கும். ஒவ்வோர் அணுவும் தன் தோலில் ஓர் அடையாளத்தை ஏந்தி நிற்கும். நம்மாள் என்றால் விட்டுவிடும், அந்நியன் என்றால் கொல்லும். பொருந்தாத மஜ்ஜையை வைத்தால், அதிலிருந்து பிறக்கும் அணுக்கள் இந்தக் குழந்தையையே அந்நியன் என்று எண்ணித் தாக்கும். கை இல்லாவிட்டாலும் நோய். கை தவறான ஆளைப் பிடித்தாலும் நோய். நாம் நலமாக இருப்பதெல்லாம் சரியான கை சரியான இடத்தைப் பிடிப்பதால்தான்.

இதுவரை தளவாயை நான் அதிகம் பேசவிடவில்லை. காரணம், முதல் வரைவில் அவனை வில்லனாக்கி வைத்திருந்தேன். "பொட்டப்பிள்ளை எதுக்கு இருக்கா, அவகிட்ட எடுங்க," என்று ஒரு வசனம்கூட எழுதினேன். எழுதிவிட்டு அவன் கைகளைப் பார்த்தேன். சிமெண்ட் தின்ற கைகள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். அந்த வாயிலிருந்து அந்த வசனம் வரவில்லை. அடித்தேன். பிறகு அவனே பேசினான்.

"எங்கிட்ட எடுங்க டாக்டரம்மா. இப்பவே எடுங்க. எந்த எலும்புன்னாலும் சரி."

"சேட்டன் பகுதியே சேரூ," என்றார் ராகேல். பாதிதான் பொருந்தும்.

"பாதியா? நான் அவனுக்கு அப்பன்லா?"

"எல்லா அச்சன்மாரும் பகுதியாணு சேட்டா. அம்மயும் பகுதி."

தளவாயின் முகம் வாடிவிட்டது. பாதி என்ற வார்த்தையை அவன் செங்கல்லைப் போலக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிள்ளைல எனக்கும் பாதி உண்டுன்னு இன்னைக்காவது ஒத்துக்கிட்டியளே," என்றாள் சுடலைமாடத்தி. பல நாட்களுக்குப் பிறகு வந்த முதல் கிண்டல் அது. அவன் சிரிக்க முயன்று, அழுதான்.

விஜயலக்ஷ்மி அனுஷாவின் வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்து விளக்கினாள். "வளைதான் அணுவோட அடையாளம்னு வச்சுக்கோ. அம்மாவுக்கு ரெண்டு கை. ஒண்ணுல செவப்பு வளை, ஒண்ணுல பச்சை. அப்பாவுக்கு நீலமும் மஞ்சளும்."

"அச்சன் வளையிடுமோ?" என்று அனுஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு இடுவார். பொறக்கிற குழந்தைக்கு அம்மா ஒரு கை வளையைக் குடுப்பா, அப்பா ஒரு கை வளையைக் குடுப்பார். எந்தக் கைன்னு யாருக்கும் தெரியாது. உன் தம்பிக்குச் செவப்பும் நீலமும் கெடச்சதுன்னு வை. உனக்கும் அதே ரெண்டும் கெடச்சிருந்தா பொருந்தும்."

"இல்லைன்னா?" என்றாள் சுடலைமாடத்தி.

"நாலுல ஒரு சான்ஸ் மாடத்தி. அதுக்கு மேல நான் சொன்னா பொய்."

7

[இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடத்தான் நினைத்தேன். நடைமுறையில் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் சுடலைமாடத்தி என் பேனாவைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை.]

"அவட்ட ஒரு வார்த்த கேக்கணும்," என்றாள் தளவாயிடம், வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாலத்தின் மேல்.

"ஏட்டி, ஏழு வயசுப் பிள்ளைட்ட என்னத்தக் கேக்கது?"

"அவ எலும்புல்லா. அவட்டத்தான் கேக்கணும். நான் அவளத் திட்டுனதுக்கு, கேக்காம எடுக்க எனக்கு வாய் வராது."

அன்று சாயங்காலம் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்கும் தைரியம் இல்லை.

"அனுசா. உன் எலும்புக்குள்ளருந்து கொஞ்சம் எடுத்து தம்பிக்கு வைக்கணுமாம். மயக்க மருந்து குடுப்பாவ. முழிச்சப்புறம் இடுப்பு வலிக்கும். கொஞ்ச நாள்ல எல்லாம் திரும்ப ஊறிருமாம். முதல்ல ரத்தத்தப் பாக்கணும், சேருதான்னு. உனக்குப் பயமா இருந்தா இப்பவே சொல்லிரு. அம்மை திட்ட மாட்டேன்."

அனுஷா ஒரு தட்டைத் தேய்த்தாள். அதையே மறுபடியும் தேய்த்தாள்.

"எங்கிட்டருந்து எடுத்தா, அவனுக்கும் என்ன மாதிரி சலம் வைக்குமா?"

"வைக்கும்னுதான் சொல்லுதாவ."

"அப்ப அவனுக்கும் ஊத்த ரத்தம்னு சொல்லுவியா?"

சுடலைமாடத்தி கரிபடிந்த கையால் மகளை இழுத்து அணைத்தாள். சட்டையெல்லாம் கரி. "சொல்ல மாட்டேன்ட்டி. ஒருத்தரையும் சொல்ல மாட்டேன்."

"எனிக்கு பேடியில்லா," என்றாள் அனுஷா, அம்மாவின் கழுத்துக்குள்ளிருந்து. பயமில்லை என்று சொல்வதற்கு அவள் பள்ளிக்கூட மொழியைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பயமிருந்ததால் இருக்கலாம்.

8

பொருத்தம் பார்ப்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசியில் உங்களுக்கு அது தேவைப்படும்.

உள்ளங்கை அளவு ஒரு தட்டு. அதில் கடுகளவு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி வெவ்வேறு சீரம், அதாவது ரத்தத் தெளிநீர். ஒரு குழியிலுள்ளது சிவப்பு வளையலைத் தேடும், இன்னொன்று பச்சையை. எல்லாக் குழியிலும் அதே ஆளின் வெள்ளையணுக்களை விடுவார்கள். தேடிய அடையாளம் அணுவின் மேல் இருந்தால், சீரம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு விடுகிற இன்னொரு திரவம் அந்த அணுவைத் துளைக்கும். துளை வழியே சாயம் உள்ளே போகும். அணு கறுத்துவிடும். அடையாளம் இல்லையென்றால் அணு உயிரோடு, சாயம் ஏறாமல், பனித்துளி மாதிரி மினுங்கும். ஆக இருட்டு என்றால் உண்டு, வெளிச்சம் என்றால் இல்லை. இருவர் தட்டிலும் இருட்டும் வெளிச்சமும் ஒரே இடங்களில் விழுந்தால் பொருந்துகிறது.

(இது முழு உண்மை இல்லை. இன்னொரு வகை அடையாளத்துக்கு இன்னொரு தட்டும் உண்டு. இந்தக் கதைக்கு ஒரு தட்டு போதும் என்று விஜயலக்ஷ்மி ஒத்துக்கொண்டாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.)

இப்போது முடிவு.

முடிவு அ: பொருந்துகிறது. தம்பானூரில் ரயிலேறுகிறார்கள். அடுத்த வருஷம் விஜய்குமார் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறான். சில நாளில் சுடலைமாடத்தி குழாயடிக்கு ஓடிவந்து, "சலம் வச்சிருக்கு! எம்மவனுக்குச் சலம் வச்சிருக்கு!" என்று கத்துகிறாள். பெண்கள் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். [இதை நான் மிகவும் விரும்புகிறேன். அதனாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.]

முடிவு ஆ: பொருந்தவில்லை. நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு இதற்குத்தான். இந்தக் கதை நடக்கும் இரண்டாயிரத்து ஒன்றில் பாதிப் பொருத்தத்தை வைத்துச் செய்வது பெரிய ஆபத்து. "அன்று சுடலைமாடத்தி மகனின் அரைஞாணிலிருந்து தாயத்தைக் கழற்றி—"

[முடிக்க மாட்டேன். கணக்கு என்ன சொன்னாலும் இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.]

9

ஆகவே முடிவுக்கு முந்தின நிமிஷத்தில் நிறுத்துகிறேன்.

ஆய்வகம். மத்தியானம். பையனின் தட்டை ஏற்கெனவே பார்த்தாயிற்று. விஜயலக்ஷ்மி இப்போது அனுஷாவின் தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குழி குழியாக நகர்த்துகிறாள். தம்பிக்கு இருட்டாக இருந்த இடத்தில் அக்காவுக்கும் இருட்டு. வெளிச்சத்தில் வெளிச்சம். அடுத்ததிலும் அப்படியே. அடுத்ததிலும். அவள் உதடு அசைவதைச் சுடலைமாடத்தி பார்க்கிறாள். இதுவரை ஒத்துப்போவது ஒரு கை வளையலால் மட்டும் என்றுகூட ஆகலாம் என்று விஜயலக்ஷ்மிக்குத் தெரியும். கடைசிக் குழி மிச்சம். அதுதான் மறு கையைச் சொல்லும். தம்பியின் கடைசிக் குழி இருட்டு.

"அக்கா," என்கிறாள் சுடலைமாடத்தி. "நான் பாக்கட்டா?"

வெளியாட்கள் மைக்ராஸ்கோப்பைத் தொடக் கூடாது. இருக்கைக்குப் பின்னால் நடக்கவே விடாதவள் விஜயலக்ஷ்மி. எந்த ஆய்வகத்திலும் இதற்கு அனுமதி கிடைக்காது. நான் கொடுக்கிறேன். நான் இந்தக் கதையில் பிடிவாதமாக மீறும் ஒரே விதி இதுதான்.

விஜயலக்ஷ்மி கடைசிக் குழியைப் பார்க்காமலே எழுந்தாள். "ஒரு கண்ண மூடிக்கோ. மேசைய ஆட்டாதே. தம்பியோடது இங்க இருட்டு."

சுடலைமாடத்தி குனிந்தாள். முதலில் தன் இமைமயிர் மட்டும் தெரிந்தது. பிறகு அது விலகியது. அவள் அசையவில்லை. இருட்டு என்றால் என்ன, வெளிச்சம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். நீங்களும் நானும் கற்றுக்கொண்டபோது அவளும்தான் கற்றுக்கொண்டாள்.

தளவாய் கதவருகே செருப்பில்லாமல், மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். அனுஷா அம்மாவின் சேலையை இழுக்கிறாள்.

"அம்மா, எந்தா காணுந்நே?"

"ஒன்னத்தாம்ட்டி பாக்குதேன்," என்கிறாள் சுடலைமாடத்தி. கண்ணை எடுக்கவில்லை. அவள் ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு, காற்றில் எதையோ தேடுகிறது.

கடைசிக் குழியில் இருப்பதை நான் எழுதப் போவதில்லை. அவள் நிமிர்ந்ததும் அந்த இடம் உங்களுக்கு. போய்ப் பாருங்கள். குடையையும் பையையும் கீழே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு கையையாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள். எது தெரிந்தாலும், அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருக்கும்.